கடலூர் – சிதம்பரம்: இழுப்பறைக்குள் ஒரு போன்

நூலகப் பணியாளர்களுக்குப் போன், கணினி, இணைய விண்ணப்பம் சொல்லிக்கொடுப்பது என் பிழைப்பு. வாசகர் வந்து கேட்டால் அவர்கள் முழிக்கக் கூடாது, அவ்வளவுதான். போன வருடம் பயிற்சி கொடுத்த சிதம்பரம் நூலகம் ஒன்றுக்கு, மறுபயிற்சிக்காகப் போன மாதம் ஒரு புதன்கிழமை கிளம்பினேன். இதே வேலையாக ஊர் ஊராய் அலைகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

காலை 7.40க்குக் கடலூர் செம்மண்டலத்தில் டவுன் பஸ். திருப்பாதிரிப்புலியூரில் 8.15க்குச் சிதம்பரம் வண்டி. 45 கிலோமீட்டர், டிக்கெட் 40 ரூபாய். ஜன்னலோரம் கிடைத்தது, தூங்கிவிட்டேன். 9.35க்கு இறங்கினால், அரை கிலோமீட்டருக்கு ஆட்டோக்காரர் எண்பது கேட்டார்.

"நடந்தே போறேண்ணே."

"போங்க சார், வெயிலு ஜாஸ்தி" என்று வழியனுப்பினார்.

நூலகர் விஜயா அன்று முகம் கொடுத்தே பேசவில்லை. கேட்டபிறகு சொன்னார். போன் இல்லாத வாசகர்களின் விண்ணப்பத்துக்கு நூலகத்தின் பொதுப் போன் எண்ணைக் கொடுங்கள் என்பது போன வருடம் நான் சொன்ன யோசனை. எல்லோரும் கைதட்டினார்கள், எனக்கும் தலைகால் புரியவில்லை. அப்படியே செய்தார்கள். ஆனால் தினமும் சாயங்காலம் முத்திரையோடு சேர்த்துப் போனையும் இழுப்பறையில் வைத்துப் பூட்டினார்கள்.

நூலகத்துக்குப் பக்கத்துத் தெருப் பெண் ஸ்டெல்லா. அவள் வீட்டில் ஒரே போன், அதுவும் கேரளாவில் வேலை செய்யும் அப்பாவிடம். நர்சிங் படிப்புக்கு நூலக எண்ணைத்தான் கொடுத்திருந்தாள். இடம் கிடைத்த செய்தி ஒரு வெள்ளிக்கிழமை காலை வந்தது. அன்று மாலை ஐந்துக்குள் சம்மதம் தெரிவிக்க வேண்டும். வெள்ளி நூலக விடுமுறை.

"சனிக்கிழம தொறந்து பாக்குறேன், எல்லாம் முடிஞ்சிபோச்சி சார். அந்தப் புள்ளகிட்ட எடம் போச்சின்னு நான்தான் போயி சொன்னேன்" என்றார் விஜயா.

பயிற்சியை நடத்தினேன். என்ன பேசினேன் என்று நினைவில்லை. மதியம் இரண்டு மணிக்கு, சாப்பாட்டு இடைவேளையில், ஜவுளிக்கடைச் சீருடையோடு ஸ்டெல்லா பேப்பர் படிக்க வந்தாள். விஜயா என்னைக் காட்டினார்.

"அந்த ஐடியா உங்களுதாமே சார்?"

"ஆமாம்மா."

"வெள்ளிக்கிழம லீவுன்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

கோபமே இல்லாமல் கேட்டாள். தெரியும். அதனால்தான் என் பயிற்சியை இரண்டு முறையும் புதன்கிழமை வைத்தேன். அதையே சொன்னேன். தலையாட்டிவிட்டுக் கடைக்குக் கிளம்பிவிட்டாள். வெட்கமாக இருந்தது, இன்னும் இருக்கிறது.

இனி பணியாளர்கள் முறை வைத்துப் போனை வீட்டுக்கு எடுத்துப்போவார்கள். அடுத்த வருடம் ஸ்டெல்லா விண்ணப்பிப்பாளா, தெரியாது. திரும்பும்போது 5.20 வண்டியில் கடலூர்வரை நின்றுகொண்டே வந்தேன்.

நீங்கள் போவதானால் தண்ணீர் எடுத்துப்போங்கள், ஆட்டோ வேண்டாம். வெள்ளிக்கிழமை மட்டும் போகாதீர்கள், பூட்டியிருக்கும்.