முயல் பெட்டிக்குப் போட்ட பேப்பர்

முயலின் முதல் ஈத்துக் குட்டிகள் செத்ததற்கு நான் கொண்டுவந்த மணல்தான் காரணம் என்று வீட்டில் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

நைனா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். இடுப்பில் அடிபட்டு வீட்டோடு ஆன பிறகு, கூட வேலை செய்த தோஸ்து ஒருவர் பொழுது போகட்டும் என்று ஒரு ஜோடி வெள்ளை முயலைக் கொண்டுவந்து கொடுத்தார். காலடிப்பேட்டையில் எங்களுக்கு ஒரே அறை. அதன் மூலையில் ஒரு பழைய தேயிலைப் பெட்டி. அதுதான் முயல்களுக்கு வீடு. கீரைத்தண்டு கொடுப்பதும், காதைத் தடவிக்கொண்டே அவற்றோடு எதையாவது பேசுவதுமாக நைனாவின் முகம் கொஞ்சம் தெளிந்தது. பெட்டிக்குள் என்ன பரப்புவது என்பது மட்டும் என் பொறுப்பு. வீட்டில் படித்தவன் நான்தானே.

கடற்கரை மணல் காசில்லாமல் கிடைத்தது. மேலே உலர்ந்து தெரியும். அடியில் ஈரம் நிற்கும். பெட்டை முயல் முதல் ஈத்துக் குட்டிகளை அதில்தான் போட்டது. காலையில் பார்த்தபோது குட்டிகள் சில்லிட்டுக் கிடந்தன. நைனா அவற்றைத் துணியில் சுற்றினார். "பிஞ்சுங்கடா" என்றார்.

அப்புறம் மரத்தூள். அம்மா அடுப்புக்கென்று மரவாடியில் வாங்கிவைத்ததிலிருந்து அள்ளிப் போட்டேன். முயல்கள் தும்மின. கண்ணில் நீர் வடிந்தது. "அதுங்களுக்கும் பேஜாரு, எனக்கும் பேஜாரு. நாளிக்கு சோத்த வெயில்ல வெச்சா வேவும்?" என்றாள் அம்மா. பால்காரரிடம் வைக்கோல் கேட்டேன். மழைக்காலத்தில் மாட்டுக்கே பற்றவில்லை என்றார். இரக்கப்பட்டு அவர் கொடுத்த ஒரு பிடியிலும் பூஞ்சை.

இதற்குள் பெட்டை மறுபடி சினையாகிவிட்டது. வயிற்று மயிரைப் பிடுங்கத் தொடங்கினால் சீக்கிரம் ஈனப்போகிறது என்று போன தடவை பார்த்துத் தெரிந்திருந்தது. ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்த ஒருநாள் காலையில் அது பிடுங்க ஆரம்பித்தது. பெட்டியில் இருந்ததோ ஈரச் சாக்கு.

நான் குமாஸ்தாவாக இருக்கும் ஆபீசில் பழைய இங்கிலீஷ் பேப்பர் கட்டுக்கட்டாகக் கிடக்கும். கேட்டால் கொடுப்பார்கள். தூசி இல்லை, கிழித்துப் போட்டால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஆனால் நைனா வேர்க்கடலை மடித்த தாள் காலில் பட்டால்கூட எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவர். முன்பே ஒருதரம் கேட்டுப் பார்த்திருந்தேன். "எழுத்து மேல முயலு மூத்திரம் பெய்யணுமா? இந்த எழுத்துக்காவத்தானேடா நான் மூட்ட தூக்கினேன்?" என்று கேட்டுவிட்டார்.

அன்று சாயங்காலம் ஒரு பேப்பர் கட்டைச் சட்டைக்குள் செருகி, நனையாமல் கொண்டுவந்தேன். வழியெல்லாம் பொய்யைத் தயார் செய்தபடியே நடந்தேன்.

"இது எழுத்தில்ல நைனா. கப்பல் கம்பெனிக்காரன் சரக்குக்கு அடையாளமாப் போடற கோடு."

அவர் தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தாள். நைனா தாளை முழங்கால்மேல் விரித்து, ஓரத்தில் அச்சு விழாத வெள்ளைப் பட்டையை மட்டும் பதவிசாகக் கிழித்தார். அடுத்த தாளிலும் அப்படியே. பெட்டிக்குள் பெட்டை வாய் நிறைய மயிரோடு சுற்றிச் சுற்றி வந்தது.

"அது பத்தாது நைனா."

"தெரியுது." மீதித் தாளை என்னிடம் நீட்டினார். "மூட்டைல கீற எழுத்த தோள்லயே சொமந்தவன்டா நானு. எங்கிட்ட வந்து கோடுன்றியே, தொரை. இந்தக் கோடு இன்னா சொல்லுது, படி."

என்னால் தலை நிமிர முடியவில்லை. "இங்கிலீஷ் நைனா."

"அதுக்குத்தானே உன்ன அனுப்சேன்? படிச்சுட்டுப் போடு. படிக்காத எழுத்த நான் கீழ போட மாட்டேன்."

வரி வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். ரங்கூனிலிருந்து அரிசிக் கப்பல் வருகிறது என்ற இடத்தில் நிறுத்தினார். "அரிசி மூட்ட தோள்ல சொகமா குந்தும். சிமிட்டிதான் கலீஜு." நான் சொல்லி முடித்த ஒவ்வொரு தாளையும் கண்ணில் ஒற்றி, கிழித்து, பெட்டியில் போட்டார். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "சுருக்கா படிடா. நீ முடிக்கிற வரிக்கும் அது வவுத்துல புட்சி வெச்சிக்கினு இருக்குமா?"

இதே அறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, பரீட்சைக்காக எவ்வளவு சத்தம்போட்டுப் படித்திருக்கிறேன்! இவருக்குப் புரியட்டும் என்று ஒரு வரி படித்ததில்லை. அது உறைத்தபோது படித்த வரியையே மறுபடி படித்தேன். மழைக் குளிரில் நாக்கு தடுமாறுகிறது என்று நினைத்துக்கொண்டு அம்மா வெந்நீர் கொடுத்தாள்.

விடிந்து பார்த்தால், காகிதத்துக்கும் மயிருக்கும் நடுவில் குட்டிகள் கதகதப்பாக நெளிந்தன. தாயின் வயிறெல்லாம் அச்சு மை. "இவளும் இஸ்கோலுக்குப் போய்ட்டு வந்தாப்ல கீது" என்றாள் அம்மா. நைனா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போது தினமும் ஒரு கட்டு வருகிறது. முயல்களைவிட நைனாதான் அதற்குக் காத்திருக்கிறார். ஆபீசில் நாளெல்லாம் எழுதிவிட்டு வரும் சில நாட்களில் எனக்கு வாயைத் திறக்கவே முடிவதில்லை. அரைப் பக்கத்தைத் தாவிவிட்டுத் தாளை மடித்துக் கொடுக்கிறேன்.

"அவ்ளோதானா?" என்கிறார்.

"அவ்ளோதான் நைனா."

வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கிழிக்கிறார்.