தடுத்துவைத்த பக்கம்

என் அக்காவுக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலை. வீட்டுக்கு வந்ததும், அடுப்படி அலமாரியில் ஓடிக்கொண்டிருக்கும் பழைய கணினியைத் தொட்டுப் பார்ப்பாள், காய்ச்சல்காரப் பிள்ளையைத் தொடுவதுபோல. அதில்தான் எங்கள் இணையதளம் இருக்கிறது. வேலைநிறுத்தத்தன்று சுட்டுக் கொல்லப்பட்டவர்களின் குடும்பங்கள் படம் போட்டு, பேசி, அழுகிற இடம். அக்காவின் போன் உடைந்த பிறகு, அன்று செத்த எங்கள் அண்ணனின் படம் மிஞ்சியதும் அங்கே மட்டும்தான்.

பெரிய கம்பெனிகளின் தளங்கள் இரண்டு முறை எங்களைத் துரத்திவிட்டன. இப்போது எங்கள் தளத்தை ஓட்டுகிற இந்த மென்பொருள் இலவசம். யாரும் எடுத்துத் தன் வீட்டிலேயே ஓட்டலாம். ஆனால் அதை எழுதுகிற ஆள் இருக்கிறானே, அன்று யாரும் சாகவில்லை, எல்லாம் கட்டுக்கதை என்று தன் பக்கத்தில் எழுதுகிறவன். படித்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேறு தேடு என்றேன். எங்கள் கிழட்டுக் கணினி தாங்குகிற மாதிரி வேறெதுவும் அகப்படவில்லை.

"கிணறு வெட்டினவன் மோசமானவன்னு தண்ணி குடிக்காம இருக்க முடியுமா?" என்றாள் அக்கா.

அவன் மூஞ்சியையாவது பார்க்கக் கூடாது என்று ஒற்றைக் காலில் நின்றேன். எனக்காக, அவன் பக்கம் எங்கள் கண்ணில் படாதபடி தடுத்துவைத்தாள்.

போன மாதம் அந்த மென்பொருளின் புதிய பதிப்பைப் போட்டாள். மறுநாள் காலையில் படம் இருந்த இடமெல்லாம் வெறும் சாம்பல் கட்டம். பதிப்பில் பிழை இருக்கிறது, பொறுங்கள் என்று அவன் முதல் நாளே எச்சரித்திருந்தான். தன் பக்கத்தில். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதை, அதுவும் என்னால்.

மகனைப் பறிகொடுத்த தையல்காரர் போனில் கூப்பிட்டு, "என் புள்ளய காணோமேம்மா" என்றார்.

வேறு வழியில்லாமல் அக்கா அந்த மென்பொருள்காரனுக்கே எழுதினாள். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. மரியாதையான பதில், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. சோதித்துப் பார்க்க ஒரு படக் கோப்பு கேட்டான். அக்கா அண்ணனுடையதை அனுப்பினாள். மத்தியானமே திரும்பி வந்தது, மற்றதை மீட்கும் வழியோடு. படம் முழுசாக இருக்கிறது, நல்ல சிரிப்பு என்று கீழே ஒரு வரி வேறு.

நான் விசைப்பலகையை இழுத்தேன். சாகவே இல்லை என்கிறாயே, அந்த ஆள்தான் இவர் என்று எழுதத் துடித்தேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம்டி. அடுத்த தடவை உடைஞ்சா யார்கிட்ட போறது?"

நன்றி என்று அடித்து அனுப்பினாள். நான் சுவரில் சாய்ந்து அழுதேன்.

படங்கள் எல்லாம் வந்துவிட்டன. அவன் பக்கத்தை இப்போது நாங்கள் தடுப்பதில்லை. எச்சரிக்கை ஏதும் உண்டா என்று தினமும் காலையில் நான்தான் படிக்கிறேன், அன்று யாரும் சாகவில்லை என்பதையும் சேர்த்து.