சின்னம்மாவை மிஸ் என்று கூப்பிட வேண்டிய நாள்

என் கையெழுத்து கோழி கிளறிய மண் மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்று இன்றும் தடுமாறுகிறேன். வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். சின்னம்மாவின் மகள், என் தங்கச்சி, தன் அம்மா கடையில் வேலை செய்த காலத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். வாயால் சொல்ல எனக்குக் கூச்சம். அதனால் எழுதுகிறேன்.

சின்னம்மா என் அம்மாவின் தங்கை. கன்னியர் மடத்தில் படித்ததால் நன்றாக இங்கிலீஷ் பேசுவாள். கண்டியில் வெள்ளைக்காரரின் பெரிய கடையொன்றில் ரிப்பன் விற்கும் பகுதியில் நின்றாள். நின்றாள் என்று சும்மா எழுதவில்லை. அங்கே விற்கும் பெண்கள் கடை பூட்டும்வரை உட்காரக்கூடாது. இன்னொரு சட்டமும் இருந்தது: கல்யாணமான பெண்ணுக்கு அங்கே வேலை இல்லை. சின்னம்மாவுக்கோ அந்தச் சித்திரையில் கடுகண்ணாவைக் கோயிலில் கல்யாணம் நடந்துவிட்டது. சித்தப்பாவுக்கு நிரந்தர வேலை கிடைக்கும்வரை கடைக்குத் தெரியாமல் வைத்திருந்தார்கள்.

நத்தார் என்ற கிறிஸ்துமசுக்குக் கடையில் பரப்பியிருந்த விளையாட்டுச் சாமான்களைக் காட்ட என்னைக் கூட்டிப்போனாள். எனக்கு ஏழு வயது. ரயிலில் தாலியைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள். பிறகு புளிப்பு வாசமடிக்கும் ஒரு தேசிக்காயை முகர்ந்தபடியே வந்தாள்.

"கடைக்குள்ள என்னைய சின்னம்மான்னு கூப்பிடாத. மிஸ்னு சொல்லணும். வெளங்குச்சா?"

"வெளங்குச்சு மிஸ்."

"இங்க இல்லடா, கடையில."

கடையில் எல்லாரும் கறுப்புப் பாவாடை, வெள்ளைச் சட்டை. எல்லாருமே மிஸ். யார் எந்த மிஸ் என்று எனக்குப் பிடிபடவில்லை. ஆகவே விற்கிற சாமானை வைத்து நானே பெயர் வைத்துக்கொண்டேன். தொப்பி விற்ற நரைத்த பறங்கிப் பெண் தொப்பியம்மா. கலகெதரையிலிருந்து வரும் சிங்களப் பெண் பொத்தானம்மா. அவர்களுக்கு ஒரே சிரிப்பு. இருவரும் மாறி மாறிச் சின்னம்மாவுக்கு முன்னால் வந்து பாவாடையை விரித்து நின்றார்கள். பின்னால் சின்னம்மா ரிப்பன் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். அவள்தான் அங்கே பெரிய ஆள் என்று நினைத்து எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அப்போது கடையின் வெள்ளைக்காரத் துரை ஒரு தகரக் குரங்குக்குச் சாவி கொடுத்தார். அது மேளம் அடித்தது. எனக்கு உலகமே மறந்துபோனது.

"சின்னம்மா, இங்க பாருங்க, குரங்கு மேளம் அடிக்குது!"

துரை முன்பு தேயிலைத் தோட்டத்தில் இருந்தவர். அரைகுறைத் தமிழ் தெரியும். அம்மா என்ற சொல் நன்றாகவே தெரியும். குரங்கைக் கையில் எடுத்துக்கொண்டு எங்களிடம் வந்தார்.

"அம்மா? இவ உன் அம்மா?"

சின்னம்மா சட்டென எழுந்தாள். அவள் கையிலிருந்த ரிப்பன் உருண்டை நழுவி, அவிழ்ந்துகொண்டே துரையின் கால் சப்பாத்துவரை ஓடியது. யாரும் அதை எடுக்கவில்லை.

தொப்பியம்மா மட்டும் அசராமல் முன்னால் வந்தாள். "இவன் எல்லாரையும் அம்மான்னுதான் சொல்லுவான், துரை. மகன், நான் யாரு?"

"தொப்பியம்மா."

"அந்தா நிக்கிறது?"

"பொத்தானம்மா." பயத்தில் என் விரல் தானாகவே நகர்ந்தது. "அவங்க சப்பாத்தம்மா. அவங்க குடையம்மா."

துரையின் மீசை அசைந்தது. தன் நெஞ்சைத் தொட்டு, "நான்?" என்றார்.

ஆம்பிளையை அம்மா என்று சொல்ல முடியாது. அவர் கையில் இருந்ததைப் பார்த்தேன்.

"குரங்கப்பா."

அந்தச் சொல்லும் அவருக்குத் தெரிந்திருந்தது போலும், முகம் சிவந்தது. பிறகு அவரே முதலில் சிரித்தார். அதற்கென்றே காத்திருந்ததுபோல எல்லாப் பகுதியிலும் சிரிப்பு வெடித்தது. பொத்தானம்மா சிரித்த சிரிப்பில் ஒரு தட்டுப் பொத்தான் கீழே கொட்டியது. துரை குனிந்து ரிப்பனைத் தானே சுற்றிச் சின்னம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

திரும்பும் ரயிலில் சின்னம்மா தாலியைப் போட்டுக்கொண்டு, வயிற்றில் கைவைத்துச் சிரித்தாள். "போதும்டா குரங்கப்பா மகனே, இன்னும் சிரிச்சா வயிறு தாங்காது."

தை மாதம் சித்தப்பாவுக்கு ரயில்வேயில் வேலை கிடைத்தது. சின்னம்மா கடையை விட்டாள். வைகாசியில் தங்கச்சி பிறந்தாள். தேசிக்காய் எதற்கு, ரிப்பன் பெட்டி எதற்கு, அந்தப் பெண்கள் எதை மறைத்து நின்றார்கள் என்று யோசிக்கும் புத்தி எனக்கு அப்போது இல்லை. துரை பெரிய பிழை விட்டுவிட்டார் என்றே நெடுங்காலம் நினைத்திருந்தேன். அவர் பாதிதான் பிழை. சின்னம்மா அன்றைக்கே அம்மாதான். பிள்ளைதான் நான் இல்லை, இதை என்னை எழுதவைத்த தங்கச்சி.

கடுகண்ணாவை,
1969 மார்கழி எட்டாந் திகதி.