அந்தப் பிள்ளை பாஸா?

இன்று காலை பாலாவி உப்பளத்துக்கு, பட்டப்படிப்பின் இறுதி ஆண்டு ஆய்வுக்காக வினாக்கொத்தோடு போனேன். உப்பு அள்ளும் பெண்களின் வாழ்க்கைதான் தலைப்பு. அவர்களுக்காகப் பேசப் போகிறேன் என்ற நினைப்பு எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

உப்பு அள்ளிக்கொண்டிருந்த நஸீமா ராத்தா கையைக் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து என் முன்னால் உட்கார்ந்தார். ஒவ்வொரு பதிலையும் யோசித்து யோசித்துத்தான் சொன்னார்.

ஐந்தாவது கேள்வியில் என் பேனையைப் பிடித்து நிறுத்தினார்.

"பொறுங்க மகள், அத நான் பிழையாச் சொல்லிட்டன். வெட்டிட்டு எழுதுங்க."

"இதுல சரி பிழை ஒண்டும் இல்ல ராத்தா."

அவர் நம்பவில்லை.

"ரெண்டு வருஷத்துக்கு முந்தி ஒரு கெம்பஸ் புள்ள வந்து இப்பிடித்தான் கேட்டிச்சி. அண்டைக்கு எனக்குச் சரியான காய்ச்சல். வாய்க்கு வந்ததச் சொல்லி அனுப்பிட்டன். அந்தப் புள்ள பாஸாகிச்சா?"

எனக்குத் தெரியாது என்றேன். அந்தப் பிள்ளை பிறகு இந்தப் பக்கம் வரவே இல்லையாம்.

"என்னால பெயிலாகி இருந்தா பாவம்தானே மகள்."

மீதிக் கேள்விகளை நான் மிக மெதுவாகத்தான் கேட்டேன்.

இரண்டு வருடத்துக்கு முன் பாலாவி உப்பளத்துக்கு வந்த அந்தப் பிள்ளை யாரென்று தெரிந்தால் இந்தப் பதிவின் கீழே எழுதுங்கள். பெயில் என்றாலும் பாஸ் என்றே எழுதுங்கள். நான் போய் ராத்தாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.