பஸ் ஏறாத பிளாப்பி

1999-ம் வருடம், ஏற்காட்டில் மழை விட்டும் விடாமலும் பெய்த ஐப்பசி மாதம். நான் சேலத்தில் காலேஜ் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். அப்பா ஏற்காட்டில் ஒரு லாட்ஜில் மேனேஜர், வீடும் அங்கேதான். எனக்கு அப்போது ஒரே பைத்தியம்தான்: கம்ப்யூட்டரில் எல்லாம் தமிழில் வர வேண்டும்.

சிங்கப்பூரில் ஒருவர், கனடாவில் ஒருவர், சென்னையிலும் சேலத்திலும் சிலர் என்று சேர்ந்து, கடிதம் எழுத உதவும் ஒரு இலவச மென்பொருளைத் தமிழுக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தோம். அதன் நிரல் திறந்தே கிடக்கும். யாரும் எடுத்துத் திருத்தலாம். சம்பளம் கிடையாது, முதலாளி கிடையாது. பழக்கமெல்லாம் இமெயிலில்தான்.

எங்களில் ஒரு அக்கா, ஏற்காட்டை அடுத்த தலைச்சோலைப் பக்கம் எஸ்டேட் ஆபீஸில் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். மெனுவில் வரும் 'திற', 'சேமி', 'வெட்டு', 'ஒட்டு' எல்லாம் அவர் போட்ட தமிழ். ஆனால் அங்கே இன்டர்நெட் இல்லை. சனிக்கிழமை தோறும் நான் சேலம் பிரௌசிங் சென்டரில் குழுவின் மெயில்களைப் பிளாப்பியில் ஏற்றி, தலைச்சோலை பஸ் கண்டக்டரிடம் கொடுப்பேன். அக்கா ஸ்டாப்பில் நின்று வாங்கிக்கொள்வார். திங்கட்கிழமை அதே பஸ்ஸில் பதில் வரும். குழுவுக்கும் அவருக்கும் நடுவில் இருந்தது அந்த பஸ்ஸும் நானும்தான்.

ஆள் சேரச் சேர எனக்குக் கை துறுதுறுவென்றது. எழுத்துருவுக்கு ஒரு குழு, கீபோர்டுக்கு ஒரு குழு, மொழிபெயர்ப்புக்குள்ளேயே மூன்று குழு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளர். அக்காவைப் பார்த்தபோது வாய் ஓயாமல் சொன்னேன்.

"மூணு அடுப்புல ஒரே கொழம்பு வெப்பீங்களா தம்பி? ஒருத்தரு 'அழி'ம்பாரு, இன்னொருத்தரு 'நீக்கு'ம்பாரு. படிக்கறவங்க நொம்பத் திண்டாடுவாங்க. பாதிக்கு மேல முடிச்சாச்சு. இதை முடிச்சுப்போட்டுப் பிரிச்சுக்கலாமுங்க."

பொறுமைக்கும் எனக்கும் காத தூரம். திட்டத்தை எழுதிக் குழுவுக்கு அனுப்பினேன். ஒரு வாரத்துக்குள் யாரும் மறுக்காவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது எங்கள் வழக்கம். ஆளுக்கு ஒரு ஊரில் இருந்துகொண்டு எல்லோருடைய பதிலுக்கும் காத்திருந்தால் எந்த வேலையும் நகராதே. மொழிபெயர்ப்புக்குத் தலைமைப் பொறுப்பை, நீள நீளமாக மெயில் எழுதும் ஒரு சென்னை நண்பருக்குக் கொடுத்திருந்தேன்.

அந்தச் சனிக்கிழமையும் பிளாப்பி தயாராகத்தான் இருந்தது. பஸ் வந்ததும் கண்டக்டர் வழக்கம்போல் கை நீட்டினார். "இந்த வாரம் ஒண்ணுமில்லீங்கண்ணா" என்றேன். பிளாப்பி என் சட்டைப்பையில் இருந்தது. படித்தால் அக்கா மறுப்பார், அவர் மறுத்தால் மற்றவர்களும் யோசிப்பார்கள். அதனால்தான் கொடுக்கவில்லை. மறக்கவில்லை.

ஒரு வாரம் ஓடியது. யாரும் மறுக்கவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, எங்கள் லாட்ஜ் ஹாலில் முதல் கூட்டம். சென்னை நண்பரும் சேலத்தில் இருந்து மூன்று பேரும் வந்தார்கள். கண்டக்டரிடம் வாய்மொழியாகச் சொல்லியனுப்பியதில் அக்காவும் வந்தார், ஒரு பை நிறைய ஆரஞ்சோடு. சுவரில் நான் கலர் கலராக எழுதி ஒட்டியிருந்த சார்ட்டின் முன்னால் போய் நின்றார்.

"ஏனுங்க தலைவரே, என்னைய எந்த அடுப்புல போட்டிருக்கறீங்க?" என்று சிரித்தார். மூன்றாவது மொழிபெயர்ப்புக் குழுவில் கடைசியாக அவர் பெயர் இருந்தது. அதைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "இது எப்பங்க முடிவாச்சு?"

சென்னை நண்பருக்கு நான் செய்தது தெரியாது. "ஒரு வாரம் டைம் கொடுத்தோமே மேடம், நீங்க ஒண்ணும் சொல்லலை. மௌனம் சம்மதம்னு எடுத்துக்கிட்டோம்" என்றார்.

அக்கா என்னைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள். உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால், "அனுப்பினேனே அக்கா! பஸ்ஸுல எங்கியாவது தொலைஞ்சிருக்கும்" என்று வந்துவிட்டது வாயில்.

"கண்டக்டர் அண்ணன் கைல இதுவரைக்கும் ஒண்ணும் தொலைஞ்சதில்லீங்க" என்றார், அவ்வளவுதான். ஆரஞ்சை உரித்து எல்லோருக்கும் சுளை கொடுத்தார், எனக்கும். சாயங்கால பஸ்ஸுக்கு முதல் ஆளாகக் கிளம்பிவிட்டார்.

மறுநாள் காலேஜுக்குக் கிளம்பி பஸ் ஸ்டாண்டில் நின்றபோது, கண்டக்டர் பஸ்ஸை விட்டு இறங்கி நேராக என்னிடம் வந்தார்.

"நான் தொலைச்சுப்போட்டேன்னு சொன்னியாமா கண்ணு? ஏஞ்சாமி, நீ குடுக்கவே இல்லியே."

அவர் குரலில் கோபமே இல்லை. சுற்றிலும் ஆட்கள். தலை நிமிரவில்லை எனக்கு. "தப்புதாங்கண்ணா" என்று முனகினேன்.

அன்று காலேஜுக்குப் போகவில்லை. பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து நடந்ததை நடந்தபடி குழுவுக்கு எழுதினேன். திட்டம் ரத்து, மொழிபெயர்ப்பை அக்காவே நடத்த வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டேன். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். பதில்களைப் பிளாப்பியில் ஏற்றி, மன்னிப்பும் எழுதி, சனிக்கிழமை கண்டக்டர் முன் தயங்கித் தயங்கிப் போய் நின்றேன். "குடு" என்று வாங்கி, பத்திரமாகப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை பிளாப்பி திரும்பி வந்தது. மீதி மெனு முழுவதையும் அக்கா தமிழில் முடித்து அனுப்பியிருந்தார். கடிதம் ஒன்றும் இல்லை.

"உங்க குழுவுல தனக்கு இத்தோட முடிஞ்சுதுன்னு சொல்லச் சொல்லுச்சு அந்தப் புள்ள" என்றார் கண்டக்டர். "இனி நான் பேசாம இருந்தா, அது சம்மதம் இல்லீன்னு எடுத்துக்கச் சொல்லுங்கன்னும் சொல்லுச்சு."

மென்பொருள் வெளிவந்தது. பாராட்டும் வந்தது. அதைத் திறக்கும்போதெல்லாம் 'திற' என்ற அவருடைய சொல்லைத்தான் முதலில் அழுத்துகிறேன். இப்போதும் எங்கள் குழுவில் யாராவது "ஒருத்தரும் மறுக்கவில்லை, முடிவு செய்துவிடலாம்" என்று எழுதினால், என் கை தன்னையறியாமல் சட்டைப்பையைத் தொட்டுப் பார்க்கிறது.