வளையல் போட்ட மருந்தாளுநர்

எங்கள் ஆஸ்பத்திரியில் மருந்தகம் மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. கட்டிடம் கட்டியவர்கள் எல்லாவற்றுக்கும் இடம் ஒதுக்கி, ஜெனரேட்டருக்குக்கூட ஷெட் போட்டு முடித்த பிறகு, 'அடடா, மருந்து எங்கே குடுக்கிறது?' என்று யோசித்திருக்க வேண்டும். பாதி அறையில்தான் நிமிர்ந்து நிற்கலாம். மீதிப் பாதியில் படி சரிந்து இறங்கும். என் தலை அந்தப் படியில் இடிக்காத வாரம் கிடையாது. மாடியில் யாராவது வேகமாக இறங்கினால் எங்கள் சிரப் பாட்டில்கள் எல்லாம் கூடவே நடுங்கும்.

ஆஸ்பத்திரி இராஜபாளையத்தில், என் வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். தினமும் பஸ்தான். எங்கள் இன்னொரு மருந்தாளுநர் என்னைவிடச் சின்னவள். வத்திராயிருப்பிலிருந்து ஒரு பஸ் பிடித்து வந்து, ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் என்னோடு சேர்ந்துகொள்வாள். ஜன்னல் சீட்டு அவளுக்கு, பேச்சு எனக்கு என்று ஒரு ஒப்பந்தம்.

பதிவு பெற்ற மருந்தாளுநர் உள்ளே இல்லாமல் மருந்து வெளியே போகக் கூடாது என்பது சட்டம். ஆகவே எங்கள் வேலையில் பாதி, உள்ளே இருப்பதுதான். ஒருத்தி சாப்பிடப் போனால் ஒருத்தி இருக்க வேண்டும். ஒருத்திக்குக் காய்ச்சல் வந்தால் மற்றவளுக்கு வரக் கூடாது. இரண்டு பேர் இருந்ததால் நாங்கள் மனுஷிகளாக இருந்தோம், மதியம் சூடாகச் சாப்பிட்டோம்.

எங்களுக்கு மேலதிகாரி யார் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. மருந்து எழுதுவது டாக்டர், வார்டுக்குக் கேட்டு வாங்குவது நர்ஸ், கொள்முதலுக்குக் கையெழுத்துப் போடுவது மேனேஜர். திட்டும்போது மட்டும் மூன்று பேரும் மேலதிகாரிகள்.

மேனேஜர் பஞ்சாலையிலிருந்து வந்தவர். இந்த ஊரில் ரிட்டயர் ஆன மில் மேனேஜர்கள் எதையாவது நிர்வகிக்காமல் இருக்க மாட்டார்கள். ஆஸ்பத்திரி கிடைக்கவில்லை என்றால் கல்யாண மண்டபம். நல்ல மனுஷர்தான், வேலை பார்ப்பவர்கள் வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் ஹார்லிக்ஸ் வாங்கிக்கொண்டு நேரில் போவார். ஆனால் கணக்குப் பார்க்க உட்கார்ந்தால் அவருக்குள் மில் ஓட ஆரம்பித்துவிடும். வார்டுகளை டிபார்ட்மெண்ட் என்பார். மருந்தகத்தை ஸ்டோர் என்பார். மில்லில் பெல்ட்டும் நட்டும் போல்ட்டும் வைத்திருக்கும் அறைக்குப் பெயர் ஸ்டோர்.

என் தோழிக்கு வளைகாப்பு வந்தது. நானும் வத்திராயிருப்பு போயிருந்தேன். தெருமுனையிலேயே பெரிய பிளெக்ஸ் போர்டு. அவளுடைய அண்ணன் இராஜபாளையத்தில் அடித்துக் கொண்டுவந்து கட்டியது. முந்தின வாரம் இதற்கென்றே ஸ்டூடியோவில் எடுத்த படம். பட்டுச்சேலை, முழங்கை வரை வளையல், பெயருக்குப் பின்னால் பட்டம், அதற்குக் கீழே 'மருந்தாளுநர், இராஜபாளையம்' என்று ஆஸ்பத்திரி பெயரோடு. மாப்பிள்ளை படம் ஓரத்தில் ஸ்டாம்ப் அளவுக்கு இருந்தது. அண்ணன் வைத்த போர்டு அல்லவா.

அவள் லீவில் போன கடைசி நாள், வெள்ளைக் கோட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு செத்த நேரம் நின்றாள்.

"அக்கா, இதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போகட்டுமா, இங்கேயே கிடக்கட்டுமா?"

அவள் கேட்டது கோட்டைப் பற்றி அல்ல என்று எனக்குத் தெரியும். அவளுடைய மாமியார் ஏற்கெனவே சொல்லியாயிற்று: ஒரு பிள்ளையைப் பெத்துப்போட்டு வீட்டோட கிடந்தா என்ன கொறஞ்சிரும்? வேலை கையில் இருக்கும்வரை அவளால் பதில் சொல்ல முடியும். வேலை போய்விட்டால் பதிலும் போச்சு.

"இங்க வேண்டாம்னு சொல்லிட்டாகன்னா எங்க அத்தைக்குக் கொண்டாட்டம்க்கா. பொறவு நான் ஊரைத் தாண்ட மாட்டேன்" என்றாள்.

"கிடக்கட்டும் போ. நான் பாத்துக்கிடுதேன்" என்றேன். எதை வைத்துச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. கோட்டை வாங்கி ஆணியில் மாட்டினேன்.

அந்த வாரமே மேனேஜர் கூப்பிட்டார். "ஒரு ஸ்டோருக்கு எதுக்கும்மா ரெண்டு ஆளு? அந்தப் பிள்ளைக்கு இனிமே குழந்தை, குட்டின்னு ஆயிரும். ஒத்தாசைக்கு ஒருத்தரைப் போடுதேன், நீயே பாத்துக்கோ."

"நான் சாப்பிடப் போனா சார்?"

"உன் சர்டிபிகேட்தான் சுவத்துல தொங்குதே."

"அதுக்கு வாய் கிடையாது சார். டாக்டர் எழுதினது புரியலைன்னா அது மாடிக்கு ஓடிப் போய்க் கேக்காது."

சிரித்தார். சிரித்துவிட்டு ஆளைப் போட்டுவிட்டார். வந்தவர் ஒரு அண்ணாச்சி, அதுவரை ஜவுளிக்கடையில் சேலை காட்டிக்கொண்டிருந்தவர். தங்கமான மனிதர், பழக்கம்தான் விடவில்லை. மாத்திரை அட்டையை இரண்டு கையாலும் ஏந்தி, வெளிச்சத்தில் லேசாகத் திருப்பிக் காட்டுவார். ஒருநாள் இருமல் மருந்து வாங்க வந்தவரிடம், "வேற கலர் பாக்குதியளா?" என்று கேட்டுவிட்டார்.

அவரை நம்பி நான் எங்கே எழுந்து போவது? உட்கார்ந்த இடத்திலேயே ஒரு வாய் சோறு, ஒரு மருந்துச் சீட்டு, ஒரு வாய் சோறு, ஒரு ஊசி மருந்து என்று சாப்பாடு சாயங்காலம் வரை இழுக்கும். அதற்குள் ஆறிக் கட்டியாகிவிடும். எரிச்சலாக இருந்தது. அவள் மேல்கூடக் கோபம் வந்தது. அவள் என்ன செய்வாள், பாவம்.

ஆணியில் தொங்கிய கோட்டை மேனேஜர் ஒருநாள் பார்த்துவிட்டார். "சும்மாதானே கிடக்கு, அண்ணாச்சிக்குக் குடேன்."

"அவருக்குத் தோள் பத்தாது சார்" என்றேன். அண்ணாச்சி ஒல்லிக்குச்சி, அந்தக் கோட்டுக்குள் இரண்டு பேராக நுழையலாம். அவர் என்னைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார், "ஆமா சார், தோள்ல பிடிக்கும்" என்று சொல்லிவிட்டு மாத்திரை அடுக்கப் போய்விட்டார். அன்றிலிருந்து எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

அப்போதுதான் தரச்சான்று கொடுக்க ஆய்வாளர்கள் வரப்போகிறார்கள் என்று தகவல் வந்தது. ஆஸ்பத்திரியில் யாருக்குக் கீழே யார் என்று காட்டும் படம் ஒன்று வாசலில் இருந்தாக வேண்டுமாம். கூட்டம் போட்டார்கள். எல்லாத் துறைக்கும் கட்டம் போட்டுக் கோடு இழுத்தாகிவிட்டது. எங்கள் கட்டத்தை எங்கே வைப்பது?

பெரிய டாக்டர், "எங்க வேணா வைங்க" என்று சொல்லிவிட்டு ஆபரேஷனுக்குப் போய்விட்டார். அடுத்து மேட்ரன். நர்ஸுகளுக்கெல்லாம் தலைவி, தளவாய்புரத்துக்காரி, சிரித்து யாரும் பார்த்ததில்லை. "எனக்குக் கீழ வேண்டாம். மருந்து இல்லைன்னா என் தலையை உருட்டுவாக" என்றாள். பந்தி முடிந்து மிஞ்சின இலை மாதிரி உட்கார்ந்திருந்தேன். கடைசியில் மேனேஜர் எங்களை ஸ்டோர் கட்டத்தில் போட்டார். கட்டுத்துணி, படுக்கை விரிப்பு, பினாயில், விளக்குமாறு, கேஸ் சிலிண்டர், நான். அந்தக் கட்டத்தில் மருந்தாளுநர் என்று என் படம் ஒன்று மட்டும். இரண்டாவது ஆளுக்கு இடமே போடவில்லை.

அந்தத் தாளைப் பார்த்தபோது, ஆணியில் தொங்கும் கோட்டை இறக்கிவிட வேண்டியதுதானோ என்று முதல் தடவையாக நினைத்தேன். பஸ்ஸில் பக்கத்து ஜன்னல் சீட்டில் யாரோ கீரைக்கட்டோடு உட்கார்ந்து வந்தார்கள். எனக்கு அழுகையாக வந்தது.

மேனேஜர் தாளையும் படங்களையும் ஊரிலேயே பெரிய பிளெக்ஸ் கடையில் கொடுத்தார். அந்தக் கடைக்காரர் காதுகுத்து, பூப்புனித நீராட்டு, கண்ணீர் அஞ்சலி என்று எல்லாம் அடித்தவர். துறை, கட்டம், கோடு இதெல்லாம் அவருக்குப் புதிது.

போர்டு வந்தது ஆய்வாளர்கள் வருகிற அன்றைக்குக் காலையில். விரித்துக் கட்டியதும் எல்லோரும் வாசலில் கூடிவிட்டோம். உச்சியில் ஆண்டாளும் ரெங்கமன்னாரும். அது எங்கள் தாளில் கிடையாது, சாமி இல்லாமல் அவர் போர்டு அடிப்பதில்லையாம். அவர்களுக்குக் கீழே பெரிய டாக்டர், கை கூப்பியபடி. கோடுகள் மொட்டையாக இருந்தது கடைக்காரருக்குப் பிடிக்கவில்லை போல, எல்லாவற்றையும் பூச்சரமாக மாற்றியிருந்தார். யார் யாருக்குக் கீழே என்று கண்டுபிடிக்க முடியாது. ஒரே மாலைக்குள் ஆஸ்பத்திரியே இருந்தது.

கீழ் வரிசையில், ஸ்டோர் கட்டத்தில், என் பாஸ்போர்ட் படம். அதற்குப் பக்கத்தில், என்னைவிட இரண்டு மடங்கு பெரிதாக, பட்டுச்சேலையும் முழங்கை வரை வளையலும் மேடிட்ட வயிறுமாகச் சிரித்துக்கொண்டு நின்றாள் என் தோழி. கீழே, 'மருந்தாளுநர்'.

"ஏமிரா இதி!" என்றார் மேனேஜர். அதிர்ச்சியில் 'என்னடா இது' கூட அவருக்கு வீட்டுத் தெலுங்கில்தான் வரும்.

கயிறு கட்டிக்கொண்டிருந்த கடைக்காரர் ஏணியிலிருந்தே சொன்னார்: "அந்தப் பக்கம் ஒத்தையாப் போயிருச்சு சார். ஒத்தை மொகம் நின்னா போர்டு எடுபடாது, நல்லதும் இல்ல. இவுக வளைகாப்புப் போர்டு நாந்தான் அடிச்சேன், படம் மெஷின்லயே கிடந்துச்சு. உங்க ஆஸ்பத்திரின்னு அதுலயே போட்டிருந்ததா, நீங்க மறந்துட்டியன்னு நானே சேத்துட்டேன். அதுக்குத் துட்டெல்லாம் வேண்டாம்."

ஆய்வாளர்களின் கார் வந்துகொண்டிருப்பதாகப் போன். மேனேஜர் வெள்ளைத்தாளும் பசையும் கொண்டுவரச் சொன்னார். அந்த முகத்தின் மேல் ஒட்டி மறைத்துவிடலாம் என்று.

அப்போதுதான் மேட்ரன் வாயைத் திறந்தாள். "பிள்ளைத்தாச்சி மொகத்துல தாளை ஒட்டப் போறியளா? சாமி படம் வேற மேல இருக்கு. அம்புட்டு பிரசவம் நடக்கிற ஆஸ்பத்திரி சார், வெளங்குமா?"

மேனேஜர் தாளைக் கீழே வைத்தார். எந்தக் கணக்குக்கும் அசராதவர், இதற்கு அசைந்துவிட்டார். பசை டப்பாவை அண்ணாச்சி மெதுவாக உள்ளே எடுத்துக்கொண்டு போனார்.

ஆய்வாளர்கள் இரண்டு பேர் வந்தார்கள். அதில் ஒரு அம்மா போர்டை வெகுநேரம் பார்த்தார். மருந்தகத்துக்கு வந்து, குனிந்து, தலையை இடித்துக்கொண்டு, "இவங்க லீவுல போனா யார் பார்ப்பாங்க?" என்று என்னைக் காட்டிக் கேட்டார்.

மேனேஜர் அண்ணாச்சியைப் பார்த்தார். அண்ணாச்சி கூரையைப் பார்த்தார். மேட்ரன் மேனேஜரைப் பார்த்தாள்.

"ரெண்டு பேர் இருக்காங்க மேடம். போர்டுல இருக்காங்களே, அவங்க. இப்போ பிரசவ லீவு" என்றார் மேனேஜர்.

"லீவு முடிஞ்சதும் வர்றாங்களா?"

"வந்துருவாங்க." ஆணியைக் காட்டினார். "கோட்டுகூட இங்கதான் இருக்கு."

"சரி. லீவு ஆர்டர் காப்பி ஒண்ணு குடுத்துருங்க."

எனக்கு அந்த அம்மாவைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. நல்லவேளை, நடுவில் ஃபிரிட்ஜ் இருந்தது. ஆர்டர் அன்றைக்கே டைப் ஆகி, கையெழுத்தாகி, முத்திரையும் குத்தியாயிற்று. போர்டைப் போட்டோ எடுத்து, ஆர்டரையும் சேர்த்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். முத்திரையைப் பார்த்ததும் அவளுடைய மாமியார், "ஆஸ்பத்திரியே கூப்பிடுதுன்னா போகாம முடியுமா" என்றாளாம்.

மேனேஜர் பிறகும் மனம் மாறியிருக்கலாம், மாற்றம் அவருக்குக் கைவந்த கலை. ஆனால் போர்டு வாசலில் தொங்கியதே! மருந்து வாங்க வருகிறவர்களெல்லாம் ஜன்னலுக்குள் தலையை விட்டு, "அந்த வளையல் போட்ட பிள்ளைக்குப் பிறந்துட்டா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். பிறந்த பிறகு, "எப்ப வருது?" மேனேஜரைக் கண்டாலும் அதே கேள்விதான். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? கொஞ்ச நாளில் அவரே, "வந்துரும், வந்துரும்" என்று எனக்கு முன்னால் பதில் சொல்லப் பழகிவிட்டார். கோட்டை நான் வாராவாரம் வீட்டுக்குக் கொண்டுபோய்த் துவைத்து, தேய்த்து, திரும்பக் கொண்டுவந்து மாட்டினேன்.

மழைக்காலம் முடிந்து ஒரு திங்கட்கிழமை, ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் வத்திராயிருப்பு பஸ்ஸிலிருந்து இறங்கினாள். நேராக இராஜபாளையம் பஸ்ஸில் ஏறினாள். ஜன்னல் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

மருந்தகத்துக்குள் நுழைந்து ஆணியிலிருந்து கோட்டை எடுத்தாள். முகத்தருகே வைத்து மோந்து பார்த்தாள். சோப்பு வாசம் அடித்திருக்கும். என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அண்ணாச்சி துவைச்சது" என்றேன். அண்ணாச்சி மறுக்கவில்லை. போட்டுப் பார்த்தால் பட்டன் எட்டவில்லை. மூன்று பேரும் சிரித்தோம்.

மதியம் ஜன்னலில் அவளை உட்கார வைத்துவிட்டு நான் பின்னால் வந்தேன். வெளியே ஒரு அம்மாளின் குரல்.

"ஏட்டி, நீ போர்டுல நின்ன பிள்ளைல்லா? என்ன பிள்ளை?"

"பொம்பளைப் பிள்ளை."

"யாருகிட்ட விட்டுட்டு வந்திருக்க?"

"எங்க அத்தைகிட்ட."

"நல்லது. எம்புட்டு நாளா உன்னையக் கேட்டுக்கிட்டே இருக்கோம்! இந்தா சீட்டு."

அவள் சீட்டை வாங்காமல் திரும்பி என்னைப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது. ஊரே கேட்டுக்கொண்டிருந்ததை நான் அவளிடம் சொல்லியிருக்கவில்லை.

"வரிசை நிக்குது, அந்தப் பக்கம் பாரு" என்றேன்.

பாதி அறையில் தலை இடிக்காமல் உட்கார்ந்து, தூக்குச்சட்டியைத் திறந்தேன். சோறு சூடாக இருந்தது.