மூன்றாம் மாடி ஆணி

இசோகிக் கோட்டைக்குள் காலணியோடு போன மனிதர் கிடையாது. மேயராகவே இருந்தாலும் வாசல் படியில் உட்கார்ந்து கழற்றித்தான் ஆக வேண்டும். கழற்றிய நிமிஷத்திலிருந்து அது தோகிகோவின் பொறுப்பு. சீட்டு கிடையாது, நம்பர் கிடையாது. வந்தவர் நாலு மாடியும் ஏறி, கடலைப் பார்த்து, படம் பிடித்து, மூச்சு வாங்க இறங்கி வரும்போது, அவருடைய ஷூ வாசலைப் பார்த்துத் திரும்பித் தயாராக இருக்கும். பதினோரு வருஷத்தில் ஒரு ஜோடி மாறியதில்லை. எப்படி என்று கேட்டால், "மூஞ்சிய மறந்தாலும் மறப்பேன், கணுக்கால மறக்க மாட்டேன்" என்பாள்.

அதற்கு முன்னால் இருபத்திரண்டு வருஷம் துறைமுகத்தில் கானாங்கெளுத்தியைக் கீறி, உப்பில் ஊறவைத்துக் காயப்போட்டவள். இப்போது அறுபத்து மூன்று வயது. கணவன் சரக்குக் கப்பலில் இயந்திரம் பார்க்கிறவன். வருஷத்தில் ஒன்பது மாதம் தண்ணீரில்தான். மகன் ஒசாகாவில். "எப்படி இருக்கான்?" என்று யாராவது விசாரித்தால், "போன் பண்ண நேரமில்லாத அளவுக்கு நல்லா இருக்கான்" என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்பில் கோபம் கொஞ்சம் இருக்கும், ஆனால் அதிகம் இருக்காது.

ஷூவை ஞாபகம் வைத்துக்கொள்வது ஒரு சாமர்த்தியம், அவ்வளவுதான். அவளைப் பார்த்துக் கும்பிடத் தோன்றுவது வேறொன்றுக்காக. எங்கள் ஊரில் காலையில் ஒரு வீட்டில் திரைச்சீலை மாற்றினால் சாயங்காலம் மீன்கடையில் அதன் விலையைச் சொல்வார்கள். அப்படிப்பட்ட ஊரில், நாள் முழுக்க மனிதர்களின் காலையே பார்த்துக்கொண்டிருக்கும் ஒருத்தி எதையெல்லாம் பார்த்திருப்பாள்! ஒரு காலுக்கு நீலம், ஒரு காலுக்குக் கறுப்பு என்று மாட்டி வந்த வங்கி அதிகாரி. எண்பது வயதில் கால் நகத்துக்குச் சிவப்புச் சாயம் பூசிய விதவை. தேனிலவுக்கு வந்துவிட்டு, தன் ஷூவை மனைவியின் ஷூவிலிருந்து ஆறடி தள்ளி வைத்த புது மாப்பிள்ளை. ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வந்ததில்லை. டிக்கெட் கொடுக்கும் நத்சுயோ தலைகீழாக நின்று பார்த்துவிட்டாள்.

"அக்கா, உங்க வயித்துக்குள்ள எத்தன ரகசியம்தான் இருக்கு? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்களேன், செத்துட மாட்டீங்க."

"உன்கிட்ட சொன்னா நான் சாக மாட்டேன்டி. சம்பந்தப்பட்டவங்க செத்துருவாங்க."

அந்த நவம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மகாபே என்கிற மனிதர் வந்தார். அறுபது வயதிருக்கும். மலைப்பக்கத்துக்காரர், மரம் அறுக்கிற ஆலையில் வேலை. பன்னிரண்டு மணிக்குக் கடலோர உணவு விடுதியில் மகளுக்கு நிச்சயமான மாப்பிள்ளை வீட்டாரோடு முதல் விருந்து. பத்துக்கே வந்துவிட்டார். எங்களிடம் இது ஒரு வியாதி. தாமதமாகப் போவது பாவம். சீக்கிரம் போய்க் கதவைத் தட்டுவது அதைவிடப் பெரிய பாவம். அதனால் இரண்டு மணி நேரம் முன்னாலேயே ஊருக்குள் வந்து, எங்கேயாவது ஒளிந்துகொண்டு, சரியான நிமிஷத்தில் அப்போதுதான் வந்ததுபோல் போய் நிற்பது. இசோகியில் ஒளிய வசதியான இடம் கோட்டைதான்.

இதையெல்லாம் அவராகவே சொன்னார். பதற்றத்தில் இருப்பவர்கள் தோகிகோவிடம் எதையும் சொல்லிவிடுவார்கள்.

"வீட்டுக்காரி போய் மூணு வருஷமாச்சுங்க. இந்த மாதிரி சபையில என்ன பேசணும், எப்ப குனியணும், எல்லாம் அவதான் சொல்லித் தருவா. இன்னிக்கு நானே டை கட்டினேன். எப்படி இருக்கு?"

"ஜோரா இருக்குங்க ஐயா" என்றாள் தோகிகோ. உண்மைதான். டை நேராக இருந்தது. ஷூவில் முகம் பார்க்கலாம். ஆனால் அவர் திரும்பிப் படியேறியபோது, வலது கால் கறுப்புக் காலுறையின் குதிகாலில் ஐந்நூறு யென் நாணயம் அளவுக்கு ஓர் ஓட்டை. அதற்குள் குதிகால் வெள்ளை வெளேரென்று தெரிந்தது.

தோகிகோ அந்த விருந்தை நினைத்துப் பார்த்தாள். விருந்து பாய் விரித்த அறையில். முட்டி போட்டுத்தான் உட்கார வேண்டும். பாதம் இரண்டும் பின்னால் மல்லாந்து கிடக்கும். பரிமாற வருகிற பெண்ணிலிருந்து சம்பந்தியம்மாள் வரை எல்லாருக்கும் அந்த ஓட்டை தெரியும், அவர் ஒருவரைத் தவிர. பெண்ணுக்கு அம்மா இல்லை, அப்பாவுக்கு ஒரு காலுறை எடுத்துவைக்க வீட்டில் நாதியில்லை என்று அந்த ஓட்டை வாய் திறந்து சொல்லும்.

எப்படிச் சொல்வது? "ஐயா, உங்க சாக்ஸ் ஓட்டை" என்று முன்பின் தெரியாத பெண் முகத்துக்கு நேராகச் சொன்னால் மனிதர் அங்கேயே சுருண்டுவிடுவார். அப்புறம் எந்த தைரியத்தில் சபையில் போய் உட்காருவார்? கோட்டைக் கடையில் காலுறை விற்கிறார்கள்தான். போர்க்கவசம் போட்ட மீன் பொம்மை அச்சடித்த மஞ்சள் காலுறை! அதைப் போட்டுக்கொண்டு போனால் கல்யாணமே நின்றுவிடும். நல்ல கறுப்புக் காலுறை வேண்டுமென்றால் ரயில் நிலையம் வரை போய் வர வேண்டும்; ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் வாசலை விட்டு நகர வழியில்லை. மனிதரோ மேலே போனவர் இறங்குகிற வழியாக இல்லை. பதினொன்றே கால் ஆகிவிட்டது.

அவர் கடைசிப் படியில் கால் வைத்ததுதான் தாமதம், தோகிகோ இடுப்பு வளையக் குனிந்தாள்.

"ஐயா, மன்னிக்கணும், மன்னிக்கணும்! மூணாவது மாடியில ஒரு ஆணி துருத்திக்கிட்டு இருக்கு. அது உங்க சாக்ஸக் கிழிச்சுருச்சு. பாருங்க, குதிகால்ல. தப்பு கோட்டையோடது. கழட்டிக் குடுங்க, ரெண்டு நிமிஷத்துல தச்சுத் தர்றேன்."

மகாபே உட்கார்ந்து காலுறையைக் கழற்றினார். கொடுக்குமுன் ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். நாற்பது வருஷம் மரத்தோடும் ஆணியோடும் புழங்கியவர். ஆணி கிழித்தால் எப்படிக் கிழியும், தேய்ந்து போனால் நூல் எப்படி இருக்கும் என்று அவருக்கா தெரியாது? காது மடல் சிவந்தது.

"அந்த ஆணி ரொம்ப நாளா வேலை பார்த்திருக்கு போலிருக்கே" என்றார்.

"பழைய கோட்டைங்க ஐயா. ஆணியும் பழசு."

அவர் தலை தாழ்த்தினார். அவளும் தாழ்த்தினாள். மீன் கீறிப் பழகிய கை, ஊசி பறந்தது. தையல் போட்ட இடம் தெரியவேயில்லை. பதினொன்றே முக்காலுக்கு மனிதர் தோளை நிமிர்த்திக்கொண்டு நடந்தார். தோகிகோ வாசல் வரை போய்ப் பார்த்தாள். பெற்ற பிள்ளையைப் பரீட்சைக்கு அனுப்பியவளைப்போல் இருந்தது அவளுக்கு.

இதோடு முடிந்திருக்க வேண்டியது. கோட்டையின் மேலாளர் இனோகுச்சி என்று ஒருவர் இருக்கிறார். நாற்பத்தொரு வயது, தங்கமான மனிதர், அதுதான் தொல்லை. ஆணி என்ற வார்த்தை அவர் காதில் விழுந்துவிட்டது. அவர் வந்து நின்றபோது, பேருந்தில் வந்த நாற்பது பேரின் ஷூவுக்கு நடுவே தோகிகோ முட்டி போட்டுக்கொண்டிருந்தாள்.

"தோகிகோ அக்கா, பார்வையாளருக்குக் காயம் ஏதாவது?"

"ஐயோ, அதெல்லாம் ஒண்ணுமில்ல சார். விடுங்க, பெருசு பண்ணாதீங்க."

அவளால் அதற்குமேல் சொல்ல முடியவில்லை. உண்மையைச் சொல்ல வேண்டுமானால் அந்த மனிதரின் ஓட்டையைச் சொல்ல வேண்டும். அது அவளுடைய ஓட்டை இல்லையே. இனோகுச்சி தலையாட்டிவிட்டுப் போனார். நாற்பது ஜோடியையும் திருப்பி வைத்து முடித்து நிமிர்ந்தால், மூன்றாம் மாடிக்கு ஏறும் படியில் மஞ்சள் நாடா கட்டியிருந்தது.

"மேலாளர் எங்கடி?"

"மிட்டாய்ப் பெட்டி வாங்கிக்கிட்டு மன்னிப்புக் கேக்கப் போயிருக்காரு" என்றாள் நத்சுயோ. "எந்த விடுதின்னு கேட்டாரு, சொன்னேன். சோயா சாறு காய்ச்சுற குசுமோட்டோ வீட்டு விருந்துதானே? ஊருக்கே தெரியுமே."

குசுமோட்டோ! தோகிகோவுக்குத் தலையில் இடி விழுந்தது. மாப்பிள்ளை யார் என்று அவள் மகாபேயிடம் கேட்கவே இல்லை. இரண்டு வருஷம் முன்னால் மூன்றாம் மாடிப் பலகைகளை மாற்றியபோது, ஊர்க்குழுவின் தலைவராகக் கூடவே நின்று வேலை வாங்கியவர் குசுமோட்டோ. மாடி முழுக்கத் தவழ்ந்து, ஒவ்வொரு பலகையையும் உள்ளங்கையால் தடவிப் பார்த்த மனிதர். அந்த மாடியில் ஆணி என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லப்போகிறார்கள், அதுவும் சம்பந்தியின் காலைக் காட்டி.

"ஷூவப் பாத்துக்கடி!" என்று கத்திவிட்டு ஓடினாள். அகழி ஓரமாக, கடல்நீர் ஏறும்போது உள்ளே வந்த மீன்களை வேடிக்கை பார்க்கிறவர்களை விலக்கிக்கொண்டு, அறுபத்து மூன்று வயதில் என்ன ஓட்டம்! விடுதி நடையில் அவள் போய்ச் சேர்ந்தபோது, விருந்து அறையின் கதவு திறந்திருந்தது. இனோகுச்சி நெற்றி பாயில் பட விழுந்து கிடந்தார். பக்கத்தில் மிட்டாய்ப் பெட்டி.

"எங்க கவனக்குறைவால மூணாவது மாடி ஆணி உங்க சாக்ஸக் கிழிச்சிருச்சு. எந்த முகத்தோட உங்க முன்னால வர்றதுன்னே தெரியல."

எல்லார் கண்ணும் மகாபேயின் காலுக்குப் போனது. குசுமோட்டோவின் முகம் வெளுத்துவிட்டது.

"மூணாவது மாடியா? எந்தப் பக்கம்?"

"கடல் பக்கமா இருக்கும்னு…"

"கடல் பக்கமா! அந்தப் பலகை எல்லாம் நான் கையால தடவிப் பாத்தேனேய்யா!"

சம்பந்தியம்மாள் கையில் எடுத்த கிண்ணத்தைக் கீழே வைத்தாள். மகாபேயின் மகள் சயோரி தலை நிமிரவில்லை. வாசலில் மூச்சிரைக்க நின்ற தோகிகோ, "தப்பு என்னோடதுங்க" என்று ஆரம்பித்தாள். மகாபே கையை உயர்த்தி அவளை நிறுத்தினார். ஆணி இருந்தது என்றால் சம்பந்தியின் மானம் போகும். இல்லை என்றால் தன் மானம் போகும். ஒரு மடக்குத் தேநீர் குடிக்கிற நேரம் யோசித்திருப்பார்.

"ஆணி இல்லீங்க" என்றார். "ஓட்டை என்னோடது. வீட்டுலேர்ந்தே கொண்டு வந்தேன். மூணு வருஷமா இதையெல்லாம் பாத்துச் சொல்ல ஆளில்ல. இந்த அம்மா பாத்தாங்க. நான் சபையில கூசக் கூடாதுன்னு பழியத் தூக்கிக் கோட்டை மேல போட்டுட்டாங்க. நான் மரத்துலயே வளந்தவங்க. ஒரு மணி நேரம் அந்த மூணாவது மாடியத்தான் தடவிக்கிட்டு உக்காந்திருந்தேன். அப்படி ஒரு தளம் நான் பாத்ததில்ல."

இனோகுச்சி விழுந்தவர் விழுந்தபடியே கிடந்தார்.

"அப்ப ஆணி இல்ல?" என்றார் குசுமோட்டோ.

"இல்லீங்க."

"ஒண்ணுகூட?"

"ஒண்ணுகூட இல்லீங்க."

"அப்பாடா!" குசுமோட்டோ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பின்னால் சாய்ந்துவிட்டார். "உசுரே போயிருச்சுய்யா எனக்கு! சாக்ஸாம் சாக்ஸு! என் பீரோவத் திறந்து பாருங்க, நல்லது நாலு தேறாது!"

"அந்த நாலும் நான் மறைச்சு வச்சது" என்றாள் அவர் மனைவி, சிரிக்காமல். அதற்குப் பிறகு யாராலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. குசுமோட்டோ தாமே எழுந்து வந்து மகாபேயின் கிண்ணத்தில் சாக்கே மது ஊற்றினார். "எந்தப் பலகை உங்களுக்குப் பிடிச்சுது, சொல்லுங்க" என்று ஆரம்பித்தவர் நிறுத்துவதாக இல்லை. இனோகுச்சியை எழுப்பி உட்கார வைத்து அவர் கையிலும் ஒரு கிண்ணத்தைத் திணித்தார்கள்.

தோகிகோ சத்தமில்லாமல் நடைக்கு வந்தாள். பின்னாலேயே சயோரி வந்தாள். குனிந்து வணங்கினாள்; நிமிர்ந்தபோது கண் நிறைந்திருந்தது. கைப்பையைத் திறந்து காட்டினாள். உள்ளே உறை பிரிக்காத கறுப்புக் காலுறை ஒரு ஜோடி.

"காலையில வீட்டுல பொறப்படும்போதே பாத்துட்டேங்க. 'எப்படி இருக்கேன்?'னு கேட்டாரு. ராஜா மாதிரின்னு சொன்னேன். அவ்வளவு சந்தோஷமா நின்னாரு, சொல்ல வாய் வரல. அவர் கோட்டைக்குப் போனதும் ரயில் நிலையத்துக்குப் போய் வாங்கினேன். வாங்கியும் கையில குடுக்க முடியல. அம்மாவா இருந்தா, 'என்னய்யா இது, கழட்டு!'ன்னு ஒரே சத்தம் போட்டிருப்பாங்க."

"சத்தம் போடும்மா" என்றாள் தோகிகோ. "நான் வெளியாள், அதனால பொய் சொன்னேன். நீ எதுக்கு மூடி மறைக்கணும்? அவருக்குச் சத்தம் போட ஒரு ஆள் வேணும். மூணு வருஷமா அந்த மனுசன யாரும் திட்டல."

சயோரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். விருந்து அறையின் கதவை ஒரு சாண் விலக்கினாள்.

"அப்பா! இங்க வாங்க. அந்த சாக்ஸக் கழட்டுங்க முதல்ல. எத்தன வருஷமா இதையே மாட்டிக்கிட்டு அலைவீங்க?"

உள்ளே மகாபே அவசர அவசரமாக எழுகிற சத்தம் கேட்டது.

"இதோ வந்துட்டேன், கத்தாத, இதோ வந்துட்டேன்" என்றார். முப்பது வருஷம் மனைவிக்குச் சொன்ன பதில் அது.